மேடைக்குப் போன நாற்காலி

வீடு
மார்ச் 4

அன்புள்ள பாட்டுக்காரருக்கு,

இங்கே நானும் மகளும் நலம். உங்கள் நலம் அறிய ஆவல் என்று எழுதத்தான் கை பழகியிருக்கிறது. ஆனால் இந்த வாரம் எனக்கு அப்படியொன்றும் ஆவல் இல்லை என்பதால் அதை விட்டுவிடுகிறேன்.

நான் போனை எடுப்பதில்லை என்று மகளிடம் குறைபட்டுக்கொண்டீர்களாம். எடுக்க மாட்டேன். காரணம் உங்களுக்கே தெரியும். கல்யாணமான நாளிலிருந்து நான் கோபித்துக்கொண்டால் நீங்கள் ஒரே ஒரு வார்த்தைதான் சொல்வீர்கள். "என்னம்மா" என்று, அந்த "ம்மா"வைக் கொஞ்சம் இழுத்து, அடித்தொண்டையில். அவ்வளவுதான், எதற்குக் கோபித்தேன் என்பதே மறந்து டீ போடப் போய்விடுவேன். ஊரே காசு கொடுத்துக் கேட்கிற குரலை எனக்கு எதிராக இலவசமாகப் பயன்படுத்துவீர்கள். காகிதத்துக்குக் குரல் கிடையாது. அதனால் கடிதம். நீங்களும் கடிதமே எழுதுங்கள்.

படக்காரர்கள் வந்த அந்த மூன்று நாளைப் பற்றித்தான் சொல்லப்போகிறேன். உங்களைப் பற்றி ஆவணப்படம் எடுக்கப்போகிறார்கள், மேடையில் எப்படி, வீட்டில் எப்படி என்று இரண்டையும் காட்டுவார்கள் என்று நீங்கள் சொன்னபோது எனக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது. ஜன்னல் கம்பிகளைத் துடைத்தேன். திரைச்சீலையைத் துவைத்து மாட்டினேன். மூக்குக்கண்ணாடிக் கடை முதலாளியிடம் கெஞ்சி முதல் நாள் லீவு வாங்கினேன். இருப்பதில் நல்ல துணியாகப் பார்த்து உடுத்திக்கொண்டு, புதுப்பெண் மாதிரி வாசலில் நின்றேன்.

கதவைத் திறந்தது நான். அந்த இயக்குநர் பெண் என் கையைப் பிடித்துக்கொண்டு, "நீங்க அவருக்கு..." என்று இழுத்தாள். நான் வாயைத் திறப்பதற்குள் என் முதுகுக்குப் பின்னாலிருந்து உங்கள் குரல் வந்தது.

"எங்க அக்கா. என் பொண்ண வளர்த்ததெல்லாம் இவங்கதான்."

நான் திரும்பிப் பார்த்தேன். நீங்கள் செருப்பு அலமாரியைப் பார்த்துக்கொண்டிருந்தீர்கள்.

அக்கா. உங்களைவிட நாலு வயது இளையவள் நான். பொய் சொல்வதென்று ஆகிவிட்டது, தங்கச்சி என்றாவது சொல்லியிருக்கக் கூடாதா? கூடத்தில் நம் கல்யாணப் படம் மாட்டியிருந்த ஆணியில் கேஸ் கம்பெனி காலண்டர் தொங்கியதையும் அப்போதுதான் கவனித்தேன். ஆக, வாய்தவறி வந்ததில்லை. காலையில் நான் குளிக்கப் போனபோது ஸ்டூலில் ஏறி நின்று செய்த வேலை. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பதைக் கேள்விப்பட்டிருக்கிறேன். நான்தான் அந்தப் பூசணிக்காய் என்று அன்றைக்குத்தான் தெரிந்துகொண்டேன்.

ஐந்து பேர் முன்னால் கட்டின புருஷனைப் பொய்யன் என்று சொல்ல எனக்கு நாக்கு எழவில்லை. ஏதோ விளையாட்டு, சாயங்காலத்துக்குள் சரிசெய்துவிடுவீர்கள் என்று நினைத்தேன். ஒலிப்பதிவுக்காரர் என் தோளில் மைக்கைக் குத்திவிட்டு, "உங்க தம்பி சின்ன வயசுல எப்படி?" என்று கேட்டார். உங்கள் சின்ன வயசை நான் எங்கே கண்டேன்? "பிடிவாதம் ஜாஸ்தி" என்றேன். அது எல்லா வயசுக்கும் பொருந்தும்.

மூன்றாம் நாள் சாயங்காலம் மேனேஜர் வேனைக் கொண்டுவந்து நிறுத்தினார். வாத்தியங்களோடு ஏறிக்கொண்டு கிளம்பிவிட்டீர்கள், வழக்கம்போல என் நாற்காலியையும் தூக்கிக்கொண்டு. நான் இப்போது இதைச் சாப்பாட்டு மேசையில், ஸ்டூலில் உட்கார்ந்து எழுதுகிறேன். முதுகு சாய இடமில்லை. பக்கத்தில் உங்கள் நாற்காலி காலியாக இருக்கிறது. அதில் உட்காரலாம். ஆனால் அது உங்களுடையது என்ற நினைப்பு இத்தனை வருஷத்தில் ஊறிப்போய்விட்டது. எனக்கே என்மேல் எரிச்சலாக இருக்கிறது.

அந்த நாற்காலி எப்படி மேடைக்குப் போனது என்பதாவது உங்களுக்கு ஞாபகம் இருக்கிறதா? எனக்கு நிறைமாதம். கச்சேரி அரங்கத்து நாற்காலியில் உட்கார்ந்தால் இடுப்பு விட்டுப்போகிறது என்றேன். "நம்ம வீட்டு நாற்காலியையே கொண்டுபோய்ப் போடுறேன், நீ மேடை ஓரமா உக்காந்து கேளு" என்று தோளில் வைத்துத் தூக்கிக்கொண்டு போனீர்கள். நான் பின்னால் வருவதாக ஏற்பாடு. கிளம்புகிற நேரத்தில் வலி எடுத்தது. பக்கத்து வீட்டுக்காரர் என்னை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார். போனை வீட்டிலேயே வைத்துவிட்டேன். அங்கே மேடையில் நீங்கள் காலி நாற்காலியைப் பார்த்துப் பார்த்துப் பாடியிருக்கிறீர்கள். "இது அவளுக்காகக் கொண்டுவந்தது. அவ வரல" என்று மைக்கில் சொன்னபோது உங்கள் குரல் உடைந்ததாம். பயத்தில் உடைந்த குரல் அது. கூட்டமோ, பெண்டாட்டி விட்டுவிட்டுப் போய்விட்டாள் என்று நினைத்து அழுதது. மறுநாள் பத்திரிகையில் அப்படியே வந்தது. மேனேஜர் மறுக்க வேண்டாம் என்றார்.

நான் கையில் குழந்தையோடு அந்தப் பத்திரிகையைப் படித்துச் சிரித்தேன். இரண்டு கச்சேரி போனதும் சரிசெய்துவிடலாம் என்றீர்கள். அந்தக் குழந்தைக்கு இப்போது பதின்மூன்று வயது.

மேடைக்கு மட்டும் என்றுதானே பேச்சு? பவர் இல்லாத அந்தக் கறுப்பு பிரேம் கண்ணாடியை உங்கள் மூக்குக்கு அளவெடுத்துப் பொருத்தியவளே நான்தான். அதைப் போட்டுக்கொண்டு, சாம்பல் கோட்டு மாட்டி, ஒருவாரத் தாடியோடு நின்றால் நீங்கள் மனைவி விட்டுப்போன மனிதர். கழற்றிவிட்டால் குப்பை வண்டிக்குப் பின்னால் வாளியோடு ஓடுகிற என் வீட்டுக்காரர். அந்த மனிதர் மேடையோடு நிற்பார் என்றுதான் நினைத்தேன். இப்போது அவர் வாசற்படி ஏறி, கூடத்துக்கு வந்து, ஆணியில் காலண்டர் மாட்டிவிட்டுப் போயிருக்கிறார்.

பதில் எழுதுங்கள். இனிப்பாக வேண்டாம்.

இப்படிக்கு,
உங்கள் அக்கா


விடுதி அறை, மூன்றாவது மாடி
மார்ச் 9

என் செல்லக் கோபக்காரிக்கு,

உன் கடிதத்தை மேனேஜர் கையில் கொடுத்தபோது ஏதோ ரசிகை எழுதியது என்று நினைத்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டேன். பிரித்துப் பார்த்தால் நீ. நாலு வரி படிப்பதற்குள் எனக்கு வியர்த்துவிட்டது. உனக்கு இவ்வளவு நன்றாக எழுத வரும் என்று தெரிந்திருந்தால் பாட்டெழுத ஆள் தேடி அலைந்திருக்க மாட்டேன்.

சரி, சரி. சிரிக்கிற நேரமில்லை என்று நீ சொல்வது காதில் விழுகிறது.

இங்கே தொண்டை சரியில்லை. இந்த விடுதியில் தலையணை செங்கல் மாதிரி இருக்கிறது. ஜன்னலைத் திறந்தால் எதிரே டயர் கடை, நாள் முழுக்கத் தட்டுகிறார்கள். நீ பக்கத்தில் இருந்தால் வெந்நீர் வைத்துக் கொடுத்திருப்பாய்.

நான் சொல்வதைக் கொஞ்சம் பொறுமையாகக் கேள். நேற்று அரங்கம் நிறைந்த கூட்டம். நாற்காலியை இடதுபக்கம் போட்டு, மேலே ஒற்றை விளக்கு. நான் ஒன்றும் பேசவில்லை, சும்மா அதைத் திரும்பிப் பார்த்தேன். அந்தப் பக்கம் விசும்பல் கேட்க ஆரம்பித்துவிட்டது. வீட்டை விட்டுப் போனவளை நினைத்து ஒருவன், செத்துப்போனவளை நினைத்து ஒருவன், பேசுவதையே நிறுத்திவிட்டவளை நினைத்து ஒருவன். அவரவர் ஆளை அந்த நாற்காலியில் உட்காரவைத்துப் பார்க்கிறார்கள். என்னைவிட நன்றாகப் பாடுகிறவர்கள் நூறு பேர் இருக்கிறார்கள். அவர்களிடம் அந்த நாற்காலி இல்லை.

இந்தப் படம் பல ஊர்களில் ஓடப்போகிறது. என் பெண்டாட்டி கண்ணாடிக் கடையில் சந்தோஷமாக வேலை பார்க்கிறாள், காலையில் என்னைத் திட்டிக் குப்பை கொட்ட அனுப்புகிறாள் என்று அதில் வந்தால் மறுநாள் எந்த முகத்தோடு மேடை ஏறுவது? அழுதவன் எல்லாம் என்னைக் கல்லால் அடிப்பான். உன்னை நான் மறைக்கவில்லை, காப்பாற்றுகிறேன். நீ நிம்மதியாகக் கடைத்தெருவுக்குப் போய்வருகிறாயே, ஒருவராவது உன்னைத் திரும்பிப் பார்க்கிறார்களா? அந்த நிம்மதி இந்தப் பொய் கொடுத்ததுதான்.

தங்கச்சி என்று சொல்லாதது தப்புதான். அந்த நேரத்துக்கு வாயில் அதுதான் வந்தது. வீட்டில் உன் அதிகாரத்தைப் பார்க்கிற எவனும் அக்கா என்றுதான் நம்புவான்.

நம் வாண்டு மகளுக்கு என் முத்தம். அந்தப் படத்தில் அவள் எவ்வளவு அழகாக வந்திருக்கிறாள் தெரியுமா? பார்த்தால் நீயே பெருமைப்படுவாய்.

போனை எடு. ஒரே ஒரு நிமிஷம்.

உன்னுடைய,
குப்பை வாளிக்காரன்


வீடு
மார்ச் 15

பாட்டுக்காரருக்கு,

உங்கள் கடிதம் கிடைத்தது. செல்லம், முத்தம், செங்கல் தலையணை எல்லாம் கிடைத்தன. பிள்ளையையும் கிள்ளிவிட்டுத் தொட்டிலையும் ஆட்டுவது என்பார்களே, அதற்கு அர்த்தம் தெரியாதவர்களுக்கு இந்தக் கடிதத்தைக் காட்டலாம்.

நிம்மதி கொடுத்ததாக எழுதியிருக்கிறீர்கள். போன வியாழக்கிழமை கிடைத்த நிம்மதியைச் சொல்கிறேன். கடைக்கு ஒரு அம்மா வந்தார். கண்ணாடி காதுக்குப் பின்னால் அழுத்துகிறதாம். கம்பியைச் சூடுகாட்டி வளைத்துக்கொண்டிருந்தேன். கடையில் ரேடியோவில் உங்கள் நாற்காலிப் பாட்டு வந்தது. அந்த அம்மாவுக்குக் கண் கலங்கிவிட்டது. "தங்கமான மனுஷன். ஒரு பச்சப் புள்ளைய விட்டுட்டுப் போக எப்படித்தான் மனசு வந்துச்சோ அந்தப் பாவிக்கு. அவ நல்லாவே இருக்கமாட்டா" என்றார். நான் கண்ணாடியைத் துடைத்து அவர் மூக்கில் மாட்டி, "இப்ப அழுத்துதாம்மா?" என்று கேட்டேன். இல்லை என்றார், சௌகரியமாக இருக்கிறது என்றார். போகும்போது என் கையைப் பிடித்து, நீ மகராசியாக இருக்கணும் என்று வாழ்த்திவிட்டுப் போனார். ஒரே வாயால் சாபமும் வாழ்த்தும் வாங்கியவள் இந்தத் தெருவில் நான் ஒருத்திதான்.

இதைக்கூடப் பொறுத்திருப்பேன். பொறுத்துப் பொறுத்துத்தானே இதுவரை வந்திருக்கிறது. இந்தக் கடிதம் அதற்காக இல்லை.

நீங்கள் போனதிலிருந்து வாண்டு சரியாகச் சாப்பிடவில்லை. பள்ளிக்கூடத்தில் ஏதோ சண்டை என்று நினைத்தேன். நான் கூடத்துக்கு வந்தால் அவள் அறைக்குப் போய்விடுவாள். தலை சீவிவிடக் கூப்பிட்டால் தானே சீவிக்கொள்கிறேன் என்பாள். உங்கள் கடிதத்தில் "எவ்வளவு அழகாக வந்திருக்கிறாள்" என்ற வரியைப் படித்ததும் எனக்கு எங்கேயோ இடித்தது. இவளை எப்போது எடுத்தார்கள்? நான் வீட்டில் இருந்தபோது எடுக்கவில்லையே. நேற்று அவளைப் பிடித்து உட்காரவைத்தேன். வெகுநேரம் ஸ்டூலின் காலையே உதைத்துக்கொண்டிருந்துவிட்டுச் சொன்னாள்.

இரண்டாம் நாள் நான் கடைக்குப் போயிருந்தபோது, மொட்டைமாடிப் படியில் அவளை உட்காரவைத்து எடுத்தார்களாம். இயக்குநர் பெண், "அம்மா ஞாபகம் இருக்கா?" என்று கேட்டாளாம். கேமரா பின்னால் நீங்கள் நின்றீர்களாம்.

"இல்ல. நான் சின்னதா இருக்கும்போதே போயிட்டாங்க" என்று சொல்லச் சொன்னீர்களாம். முதல் தடவை அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டதாம். நீங்கள் அவளைத் தனியே கூட்டிப்போய், அப்பா பாட்டு நின்றுவிட்டால் நாம் என்ன செய்வது என்று கேட்டு, மறுபடியும் உட்காரவைத்தீர்களாம். இரண்டாம் தடவை சிரிப்பு வரவில்லையாம். முடித்ததும் தோளில் தட்டிக்கொடுத்தீர்களாம்.

"நான் நல்லா சொன்னேம்மா. எல்லாரும் நல்லா இருக்குன்னாங்க" என்றாள். அப்புறம், "உனக்கு ஏதும் ஆயிடாதுல்ல?" என்று கேட்டாள்.

பத்து நாளாக இந்தப் பயத்தோடு நடந்திருக்கிறது குழந்தை. அம்மா இல்லை என்று வாயால் சொல்லிவிட்டோமே, அது பலித்துவிடுமோ என்று. ராத்திரி எழுந்துவந்து நான் மூச்சுவிடுகிறேனா என்று பார்த்திருக்கிறாள். நான் தண்ணீர் குடிக்க வந்ததாக நினைத்தேன்.

என்னை அக்கா என்றீர்கள், போகட்டும். போட்டோவைக் கழற்றினீர்கள், போகட்டும். என் நாற்காலி ஊர் ஊராகச் சுற்றுகிறது, அதுவும் போகட்டும். இது அடிமடியிலேயே கை வைத்த வேலை. பெற்ற பிள்ளை வாயாலேயே பெற்றவளை இல்லையென்று சொல்லவைக்கிறவருக்கு என்ன பெயர் வைப்பது? எனக்குத் தெரிந்த வசவெல்லாம் சின்னதாக இருக்கிறது. நீங்கள்தான் சொல்வளம் உள்ளவர், நீங்களே ஒன்றைத் தேர்ந்தெடுத்துக்கொள்ளுங்கள்.

உங்கள் மேடை உங்களுடையது. கூட்டம் அழுவதற்கு ஏதாவது வேண்டும் என்றால் கொடுங்கள், நான் குறுக்கே வரவில்லை. ஆனால் மகளை அதில் சேர்க்கக் கூடாது. நான் கேட்பது இவ்வளவுதான். அந்த இயக்குநர் பெண்ணிடம் உண்மையை நீங்களே சொல்லுங்கள். மகள் பேசினதை வெட்டி எறியச் சொல்லுங்கள். என் நாற்காலியை வீட்டுக்கு அனுப்புங்கள். நான் போய்ச் சொல்ல மாட்டேன். நான் சொன்னால் அது கோள். நீங்கள் சொன்னால்தான் உண்மை. சுற்றுப்பயணம் முடிந்து நீங்கள் வீடு திரும்புவதற்குள் இது நடக்க வேண்டும்.

போன் அடிக்காதீர்கள். மகளுக்கும் அடிக்காதீர்கள். அவளுக்கும் உங்கள் குரல் என்றால் உயிர். அதனால்தான் சொல்கிறேன்.

இப்படிக்கு,
உங்கள் மகளுடைய அம்மா


வேறொரு விடுதி
மார்ச் 21

என் அன்பே,

உன் கடிதத்தை நான் ஒரே மூச்சில் படித்து முடிக்கவில்லை, பாதியில் வைத்துவிட்டு வெளியே போய் நின்றேன். வாண்டு எழுந்துவந்து பார்த்தாள் என்று நீ எழுதியதை என்னால் தாங்க முடியவில்லை. அவளுக்கு அது விளையாட்டாக இருக்கும் என்று நினைத்தேன். சத்தியமாக அப்படித்தான் நினைத்தேன்.

எல்லாம் செய்துவிட்டேன். இயக்குநரைக் கூப்பிட்டுப் பேசிவிட்டேன். முதலில் அதிர்ச்சியாகத்தான் இருந்தது அவளுக்கு. பிறகு புரிந்துகொண்டாள். மகள் வருகிற இடத்தை வெட்டிவிடுவதாகச் சொல்லிவிட்டாள். இனி அதைப் பற்றி யாரும் பேச வேண்டியதில்லை.

நாற்காலியை இன்று காலை நானே நின்று பொதிந்து லாரி பார்சலில் போட்டேன். அட்டை, வைக்கோல், கயிறு எல்லாம் போட்டுக் குழந்தையைச் சுற்றுவது மாதிரி சுற்றியிருக்கிறேன். இனி மேடையில் நாற்காலி கிடையாது. நேற்றுக் கடைசியாக ஒருமுறை அதைத் தொட்டுப் பார்த்துக்கொண்டேன். நம் முதல் வீட்டில் நாம் இரண்டு பேரும் எதிரெதிரே உட்கார்ந்து சாப்பிட்டது ஞாபகம் வந்தது. உன் இடத்துக்கு நீ வந்துவிட்டாய், போதுமா?

இனியாவது சிரி. வந்ததும் மூன்று பேருமாக வெளியே போய்ச் சாப்பிடுவோம். இந்த முறை கண்ணாடி இல்லாமல், தாடி இல்லாமல்.

உன்னுடைய,
திருந்தியவன்


விடுதி அறை
மார்ச் 30

அன்பே,

பார்சல் வந்துசேர்ந்துவிட்டதாக லாரி ஆபீசில் சொல்கிறார்கள். உன்னிடமிருந்து ஒரு வரிகூட இல்லை. நாற்காலி பத்திரமாக வந்ததா? கால் கைக்கு ஏதும் அடிபடவில்லையே?

கோபம் தணிந்துவிட்டது என்று எடுத்துக்கொள்ளவா? வாண்டு எப்படி இருக்கிறாள்?

அடுத்த ஞாயிறு வீட்டில் இருப்பேன்.

உன்னுடைய,
நான்


வீடு
ஏப்ரல் 2

பாட்டுக்காரருக்கு,

நாற்காலி பத்திரமாக வந்தது. கீறல்கூட இல்லை. அதுதான் விஷயம்.

பார்சல் வந்த அன்று வாண்டு துள்ளிக் குதித்தாள். அவளே கயிற்றை வெட்டினாள், அவளே வைக்கோலைப் பொறுக்கினாள், மேசைக்கு இழுத்துப்போட்டு, "உக்காரும்மா" என்றாள். நானும் உட்கார்ந்தேன். எத்தனை நாள் கழித்து முதுகு சாய்கிறது. கண்ணை மூடிக்கொண்டு, உங்களைக் கொஞ்சம் அதிகமாகத்தான் திட்டிவிட்டோமோ என்றுகூட நினைத்தேன். மனுஷன் சொன்னதைச் செய்துவிட்டாரே, ஞாயிற்றுக்கிழமை வந்தால் நல்லபடியாக முகம் கொடுக்க வேண்டும் என்று நினைத்தேன். நினைத்துக்கொண்டே பழக்கத்தில் இடதுபக்கமாக லேசாகச் சாய்ந்தேன்.

நாற்காலி ஆடவில்லை.

நம் நாற்காலி ஆடும். நினைவிருக்கிறதா? முதல் வீட்டில் மேசையும் இரண்டு நாற்காலியும் வாங்கிவந்து, தச்சருக்கு எதற்குக் கூலி என்று நீங்களே மாட்டினீர்கள். ஒன்று ஆடுகிறது என்று ஒரு காலை அறுத்தீர்கள். அறுத்த கால் குட்டையாகிவிட்டது. மறுபடியும் ரம்பத்தை எடுத்தபோது நான்தான் பிடுங்கி ஒளித்துவைத்தேன், இல்லாவிட்டால் தரையில் உட்கார்ந்துதான் சாப்பிட்டிருப்போம். அந்தக் குட்டைக் காலுக்கு அடியில், கண்ணாடியின் மூக்கில் படுகிற சின்ன ரப்பர் துண்டுகளைக் கடையிலிருந்து கொண்டுவந்து, ஒன்றன்மேல் ஒன்றாக ஒட்டினேன். அப்படியும் கொஞ்சம் ஆடும். ஆடுகிற நாற்காலியை எனக்கு வைத்துக்கொண்டு ஆடாததை உங்களுக்குக் கொடுத்தேன்.

கவிழ்த்துப் பார்த்தேன். நாலு காலும் சமம். ரப்பர் இல்லை. உட்காரும் பலகைக்கு அடியில் கடை ஒட்டின விலைச்சீட்டைக் கிழித்த பசை மட்டும் இருந்தது, விரலில் ஒட்டுகிற ஈரத்தோடு. அதே நிறம், அதே சாய்வு. தேடிப் பிடித்து வாங்கியிருக்கிறீர்கள். எத்தனை கடை ஏறி இறங்கினீர்களோ. அந்த அலைச்சலுக்குப் பதிலாக ஒரு உண்மையைச் சொல்லியிருக்கலாம், கால் வலித்திருக்காது.

வாண்டு என் முகத்தைப் பார்த்தாள். அவளும் குனிந்து பார்த்தாள்.

நாற்காலி பொய் என்றால் மற்றதெல்லாம்? நான் போய்ச் சொல்ல மாட்டேன் என்று எழுதியிருந்தேன். அந்த வார்த்தையை நான்தான் மீறினேன், ஒப்புக்கொள்கிறேன். இயக்குநர் பெண்ணுக்குப் போன் செய்தேன். "சொல்லுங்க, தம்பி நேத்து கச்சேரியில பின்னிட்டாரு, கடைசியா அந்த நாற்காலிய அப்படியே கட்டிப்பிடிச்சிட்டாரு" என்றாள். நீங்கள் அவளிடம் ஒரு வார்த்தையும் சொல்லவில்லை. மகள் பேசினதுதான் படத்தின் முதல் காட்சியாம்.

"நான் அவரோட அக்கா இல்லம்மா. அவரோட மனைவி. அந்தப் பொண்ணோட அம்மா. நான் எங்கேயும் போகல" என்றேன்.

அவள் மெதுவாக, "அன்னிக்கு நீங்க எனக்கு டீ கொடுத்தீங்களே" என்றாள். அவ்வளவுதான் சொன்னாள். அவளுக்கும் கோபம், என்மேலும் சேர்த்துத்தான். வாயை மூடிக்கொண்டு இருந்தவள் நானும்தானே. மறுநாள் கேமராவோடு வந்தாள்.

உங்களைப் பற்றி நான் ஒரு வசவும் சொல்லவில்லை. பயப்படாதீர்கள். காலண்டரை எடுத்துவிட்டுக் கல்யாணப் படத்தை மாட்டினேன். என்ன நடந்தது என்று கேட்டாள், நிறைமாதத்தில் நீங்கள் நாற்காலியைத் தோளில் சுமந்துபோனதைச் சொன்னேன். அதைச் சொல்லும்போது எனக்குக் குரல் உடைந்தது. அந்த மனிதர் உண்மையாகவே இருந்தார். அவரைத்தான் நான் கட்டிக்கொண்டேன். அவரைப் பற்றி ஒரு பாட்டுகூட நீங்கள் பாடியதில்லை.

வாண்டு பேச வேண்டாம் என்றுதான் சொன்னேன். அவள் கேட்கவில்லை. "நான் சொன்னத நானே மாத்திச் சொல்லணும்" என்றாள். அதே படியில் போய் உட்கார்ந்தாள். இந்த முறை கேமராவுக்குப் பின்னால் யாரும் நிற்கவில்லை. என்னைப் பக்கத்தில் உட்காரவைத்துக்கொண்டு, "எங்கம்மா இவங்கதான். எங்கயும் போகல. தினமும் எனக்குத் தலை சீவி விடுவாங்க" என்றாள். ஒரே தடவையில் சொல்லிவிட்டாள். அன்று சாயங்காலம் பசிக்கிறது என்று அவளாகவே கேட்டு வாங்கிச் சாப்பிட்டாள். இப்போது ராத்திரி எழுந்துவருவதில்லை.

படத்தை என்ன செய்வது என்று இயக்குநர் பெண் முடிவுசெய்வாள். நான் கேட்டுக்கொள்ளப் போவதில்லை, நீங்களும் அவளை மிரட்டாதீர்கள். தன் படத்தில் பாதி பொய் என்று தெரிந்தபிறகும் அழாமல் விளக்கைச் சரிசெய்த பெண் அவள்.

நான் கோபித்துக்கொண்டு எங்காவது போய்விடுவேன், வீட்டைப் பூட்டிவிட்டுப் போயிருப்பேன் என்று ஞாயிற்றுக்கிழமை வழியெல்லாம் நினைத்துக்கொண்டு வருவீர்கள். போக மாட்டேன். நான் போனால் உங்கள் பாட்டு உண்மையாகிவிடும். அந்த உதவியை மட்டும் நான் உங்களுக்குச் செய்ய மாட்டேன்.

நீங்கள் அனுப்பிய நாற்காலியை அதே வைக்கோல், அதே கயிற்றோடு லாரி ஆபீசில் போட்டுவிட்டேன். இந்தக் கடிதத்துக்கு முன்னாலோ பின்னாலோ உங்களிடம் வந்துசேரும். மேடைக்கு அது போதும். நன்றாகத்தான் இருக்கிறது, ஆடாது, அழுகிறவர்களுக்கு வித்தியாசம் தெரியாது. வரும்போது என்னுடையதை வேனில் ஏற்றிக் கொண்டுவாருங்கள். கவிழ்த்துப் பார்த்துத்தான் வாங்கிக்கொள்வேன்.

அது வருகிறவரைக்கும் நான் உங்கள் நாற்காலியில் உட்கார்கிறேன். முந்தாநாள் முதல் அதில்தான் சாப்பிடுகிறேன். இவ்வளவு வசதியான நாற்காலி என்று இத்தனை வருஷம் எனக்குத் தெரியாமல் போயிற்று.

ஞாயிற்றுக்கிழமை சாப்பாடு வைத்திருப்பேன். உங்களுக்கு ஸ்டூல் இருக்கிறது.

இப்படிக்கு,
உங்கள் மனைவி